வெட்டிய கூம்பும் இரண்டு வட்டங்களும்

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் முதுகுவலி குறைந்ததா? அத்தானுக்கு வலது கை கொஞ்சமாவது அசைகிறதா? குட்டி ஒழுங்காகப் படிக்கிறாளா, இல்லை மாமன் வழியா?

இவ்வளவும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பத்து நாளைக்கு முன்னால் இங்கே ஒரு கிடங்கில் சரக்கு லிஃப்ட் அறுந்து விழுந்தது. கீழே மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஆள் போய்விட்டார். நெட்டையன் என்று கூப்பிடுவார்களாம். நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த லிஃப்டின் பிரேக் நெம்புகோல் நான் செய்தது. ஜனவரியில், நீ படம் வரைகிற உங்கள் ஆபீசிலிருந்து எங்கள் பட்டறைக்கு வந்த படத்தைப் பார்த்துச் செய்தது.

நெம்புகோலில் ஒரு முளை உண்டு. அது கதவுப் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். நான் செய்ததில் சுவர்ப் பக்கம் நீட்டிவிட்டது. அங்கே பொருத்தினவர்கள் எங்களுக்குத் திருப்பி அனுப்பியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். அனுப்பவில்லை. முளையைச் சுத்தியலால் தட்டிக் கழற்றி, மறுபக்கமாக அடித்துச் செருகிவிட்டார்கள். ஒருமுறை இறுகின முளை இன்னொரு முறை அப்படி நிற்குமா? இரண்டு மாதம் நின்றது. அப்புறம் நழுவிவிட்டது.

விசாரணை அதிகாரி பட்டறைக்கே வந்தார். "எப்படிப்பா பக்கம் மாறும்? கண்ணு தெரியாதா?" என்றார். அவர் டீ கப்பை எடுத்து வைத்தே விளக்கினேன். "சார், நேரா பார்த்த படம் நடுவுல இருக்கு. அதுக்கு வலது பக்கம் இன்னொரு படம் இருக்கு. அது கப்பை வலது பக்கமிருந்து பார்த்ததா, இடது பக்கமிருந்து பார்த்ததா? வரையுற முறை ரெண்டு இருக்கு. தேர்ட் ஆங்கிள்னா வலது. ஃபர்ஸ்ட் ஆங்கிள்னா இடது. எதுன்னு சொல்றதுக்குத்தான் மூலையில ஒரு குறி போடுவாங்க. நுனி வெட்டின கூம்பு, பக்கத்துல ரெண்டு வட்டம்." அவர் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "காது எந்தப் பக்கம்னு பார்த்தாலே தெரியுதேப்பா" என்றார். "கப்பைப் பார்த்தா தெரியும் சார். படத்தைப் பார்த்தாத்தான் தெரியாது" என்றேன். என்ன புரிந்ததோ, எழுதிக்கொண்டார்.

என்னிடம் இருந்த நகல் எண்ணெயில் ஊறி, சரியாக அந்த மூலை மட்டும் கிழிந்து போயிருக்கிறது. பார் என் நேரத்தை! அதில் குறி இல்லை என்று எனக்குச் சத்தியமாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் என் ஞாபகத்தை யார் கேட்கப் போகிறார்கள்? படத்தில் குறி இருந்து நான் பார்க்காமல் விட்டிருந்தால் அது என் அலட்சியம். நாலைந்து வருஷம்கூட உள்ளே தள்ளலாம் என்று யூனியன்காரர் சொன்னார். குறியே இல்லை என்றால் நான் பிழைத்தேன்.

அதனால் உங்கள் ஆபீஸ் அலமாரியில் இருக்கும் மூலப்படத்தை எடுத்துப் பார்த்து, குறி இருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி எழுது. இது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

"சந்தேகம் வந்தப்ப யார்கிட்டயாவது கேட்டியா?" என்றும் அதிகாரி கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

உன் தம்பி,
வாலு

*

ஏப்ரல் 19

என் வாலுத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் பத்தாம் தேதியே வந்துவிட்டது. படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? நீ கவலை வந்தால் சாப்பாட்டைத் தள்ளி வைக்கிற ஆள். அங்கே மிரட்டிச் சாப்பிட வைக்க யார் இருக்கிறார்கள்?

இங்கே எல்லாம் வழக்கம் போல. அத்தானுக்கு வலது கை அப்படியேதான். இடது கையில் சிலேட்டுக் குச்சியைப் பிடித்து ஒன்றிரண்டு எழுத்து எழுதுகிறார். பேச்சு இன்னும் வரவில்லை. காலையில் அவரைக் குளிக்க வைத்து, உட்கார வைத்து, பக்கத்து வீட்டம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஆபீசுக்கு ஓடுகிறேன். மத்தியானம் ஓடி வந்து சாப்பாடு கொடுத்துவிட்டு மறுபடி ஓடுகிறேன். குட்டிக்குப் பல் ஒன்று ஆடுகிறது. தினமும் அதைப் பற்றியே பேச்சு. பிடுங்கப் போனால் வீடு இரண்டாகிறது.

நீ கேட்டதைப் பார்க்கிறேன். மூலப்படங்கள் இருக்கும் அலமாரியின் சாவி வைத்திருப்பவர் விடுப்பில் போயிருக்கிறார். அவர் வந்ததும் பார்க்கலாம். அதற்குள் அவசரப்பட்டு யாரிடமும் எதையும் சொல்லி வைக்காதே. நீ சின்ன வயசிலிருந்தே வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாய். கேட்டதற்கு மட்டும் பதில் சொல். கேட்காததை நீயாக எடுத்துக் கொடுக்காதே.

பழைய காகிதம் எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைப்பாயே, அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறதா? சும்மாதான் கேட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் மூவரும் நலம் என்று தெரிந்ததில் நிம்மதி. குட்டியின் பல்லை அதன் போக்கில் விடு. தானாக விழும்.

அக்கா, சாவிக்காரர் எப்போது வருகிறார்? மே இருபதாம் தேதி என் வாக்குமூலம் எடுக்கிறார்கள். அன்றைக்கு நான் சொல்வதுதான் கடைசி. அதற்குள் நீ எழுதினால்தான் உண்டு. பட்டறையில் என்னை மெஷின் பக்கம் விடுவதில்லை. வாசல் அறையில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருக்கிறார்கள். கூட வேலை செய்கிறவர்கள் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். "என்னப்பா, சாப்டியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போகிறார்கள்.

நேற்று நெட்டையன் வீட்டுக்குப் போனேன். போகாதே என்று எல்லோரும் சொன்னார்கள். கால் கேட்கவில்லை. இரண்டாவது மாடி, படிக்கட்டு குறுகல். அவர் எப்படித்தான் அந்த உயரத்தோடு குனிந்து ஏறினாரோ! கதவு நிலையில், நெற்றி இடிக்கும் இடத்தில், ஒரு துணியை மடித்து ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். அந்தம்மா நான் ஏதோ ஆபீசிலிருந்து வந்த ஆள் என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "இன்னும் எங்க எங்க கையெழுத்துப் போடணும் தம்பி?" என்று கேட்டார். நான் செய்ததுதான் என்று சொல்லத்தான் போயிருந்தேன். வாய் வரவில்லை. "அப்புறம் வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்து, தெருமுனையில் நின்று வாந்தி எடுத்தேன். இப்படி ஒரு கோழை உனக்குத் தம்பி.

பிஸ்கட் டப்பா இருக்கிறது. பஸ் டிக்கெட்டைக்கூட நான் தூக்கிப் போடுவதில்லை என்று உனக்குத் தெரியாதா? கேட்டாய், சொல்கிறேன்.

இன்னொன்று. கிழிந்த நகலை நேற்று மறுபடி விரித்துப் பார்த்தேன். அளவு எண்களில் ஏழு எல்லாம் இடுப்பில் ஒரு கோடு போட்ட ஏழு. நீ போடுகிற மாதிரியே. உங்கள் ஆபீசில் எல்லோருமே அப்படித்தான் போடுவார்களா?

சீக்கிரம் எழுது.

வாலு

*

மே 6

அக்கா,

நலமா? கடிதம் ஏதும் தொலைந்துவிட்டதா? தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கையை விரித்துவிடுகிறார். இன்னும் பதினான்கு நாள்தான் இருக்கிறது. இருக்கிறது, இல்லை, இந்த இரண்டில் ஒரு சொல் போதும். நலம் விசாரிப்புகூட வேண்டாம். அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது.

வாலு

*

மே 11

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

மூலப்படத்தைப் பார்த்தேன். குறி இருக்கிறது. தேர்ட் ஆங்கிள் குறி.

விசாரணைக்கு வேண்டும் என்று கேட்டு, படத்தை நேற்று இங்கிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மானேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஆறுதலாகப் பேசினார். நல்ல மனிதர்தான். அத்தானைக் கவனித்துக்கொள்ள மூன்று நாள் விடுப்பும் கொடுத்தார். விடுப்பு நாளில் உட்கார்ந்து கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறேன். விரல் இடுக்கில் கறுப்பு மை ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்கிறது. இத்தனை வருஷம் இந்த வேலை பார்க்கிறேன், இப்படி மை கொட்டிக்கொண்டதே இல்லை. வயசாகிறது போல.

குட்டியின் பல் விழுந்துவிட்டது. உனக்குக் காட்ட வேண்டும் என்று காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறாள்.

என்மேல் கோபப்படாதே.

அக்கா

*

மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானுக்கும் குட்டிக்கும் என் அன்பு. பல்லைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல். மாமன் வந்து பார்ப்பான்.

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. ஒரு நாள் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். சாதாரணக் கோபம் இல்லை. நீ எதிரே இருந்திருந்தால் என்ன பேசியிருப்பேனோ, நினைத்தாலே உடம்பு கூசுகிறது. ஆற்றுப் பாலம் வரைக்கும் நடந்து போய், திரும்பி நடந்து வந்தேன். எதற்குக் கோபம் என்று நீயும் கேட்காதே, நானும் எழுதமாட்டேன். இப்போது கோபம் இல்லை. நம் அத்தான் குழந்தை மாதிரி வாய் திறந்து நீ ஊட்டுவதை வாங்கிக்கொள்வாரே, அந்த முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்து வந்து நிற்கிறது. நான் ஒற்றை ஆள். என்னை நம்பி ஒரு பூனைகூட இல்லை.

படத்தில் குறி இருக்கிறது என்று நீ சொன்னால் இருக்கும். நான்தான் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். நாளைக்கு அப்படியே சொல்லிவிடுகிறேன். யாரையும் கேட்கவில்லை, எனக்கே தெரியும் என்ற திமிரில் செய்துவிட்டேன் என்று.

பிஸ்கட் டப்பாவுக்குள் எலி புகுந்துவிட்டது. உள்ளே இருந்ததையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டேன். ஒரு துண்டுகூட மிச்சம் இல்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதுகுக்கு மருந்து தடவு. குனிந்து குனிந்து வரையாதே.

வாலு

*

மே 30

என் தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே நாக்கு கூசுகிறது. இருந்தாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

இருபதாம் தேதி என்ன ஆயிற்று? ஒரு தகவலும் இல்லை. உன் பட்டறைக்குப் போன் போட்டால் அந்த ஆள், "அவர் இப்ப இங்க வர்றதில்லைங்க" என்று வைத்துவிடுகிறார்.

எலி புகுந்தது என்று படித்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே அடுக்களையில் உட்கார்ந்து மூச்சு விட்டேன். அந்த மூச்சு பாதி வெளியே வந்தபோதே என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். நீ எழுதுவதை அவருக்கு எப்போதும் படித்துக் காட்டுவேன், சிரிப்பார். இந்த முறை கடைசி வரி வரை கேட்டுவிட்டுச் சிலேட்டைக் கேட்டார். இடது கையால் "நீயா" என்று எழுதினார். இரண்டே எழுத்து. நான் கடிதத்தை மடித்து வைத்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு என் கையால் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டம்மா வந்து கொடுத்தார், சாப்பிட்டார்.

நீ அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். சொல்லாதே என்று நானும் தந்தி அடித்திருக்கலாம். பத்தொன்பதாம் தேதி போட்ட கடிதம் இருபத்து மூன்றாம் தேதிதான் வந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். நான் அதற்கு முன்னாலேயே அடித்திருக்கலாம். வாய் வார்த்தைக்காவது ஒரு பதில் போடு.

அக்கா

*

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், குட்டி எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். நாலு வருஷம். ஒழுங்காக இருந்தால் மூன்றில் விடுவார்களாம். நான் என்றைக்கு ஒழுங்காக இருந்திருக்கிறேன்?

இங்கே வருகிற கடிதம், போகிற கடிதம் எல்லாவற்றையும் ஒருவர் பிரித்துப் படித்த பிறகுதான் கொடுப்பார். வழக்கைப் பற்றி எழுதக் கூடாது. அதனால் நலத்தை மட்டும் எழுது. படிக்கிறவருக்குச் சாளேசரம், கிட்டத்து எழுத்து மங்கலாகத்தான் தெரியும். எழுத்தைப் பெரிதாக எழுது.

லேத் கிடையாது. சாக்குத் தைக்கிறோம். ஊசி ஒரு முழம் இருக்கும். மூன்று நாளில் விரல் எல்லாம் புண். இப்போது கை பழகிவிட்டது. என் பக்கத்தில் ஒரு சமையல்காரர். "எதுக்குப்பா வந்தே?" என்று கேட்டார். "ஒரு பொருளைத் தப்பான பக்கமிருந்து பார்த்துட்டேண்ணே" என்றேன். "அதுக்குப் போய் நாலு வருஷமா?" என்று அவர் கேட்ட தொனியில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே நெட்டையன் வீட்டுக் கதவு நிலையும் அந்தத் துணியும் ஞாபகம் வந்தது. சாக்கால் முகத்தை மூடிக்கொண்டேன்.

குட்டியிடம் மாமன் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்.

வாலு

*

ஜூலை 22

அம்மையீர்,

பொருள்: சரக்கு மின்தூக்கி விபத்து. தங்கள் ஜூலை 4 தேதியிட்ட மனு.

மேற்படி மனுவில், விபத்துக்குக் காரணமான நெம்புகோலின் படத்தில் வீழ்ப்பு முறையைக் காட்டும் குறி முதலில் இடம்பெறவில்லை என்றும், இதைக் குறித்துத் தண்டனை பெற்றவர் ஜனவரி மாதம் தங்களிடம் கடிதம் மூலம் கேட்டதாகவும், தாங்கள் தவறான பதில் அளித்ததாகவும், பின்னர் மே மாதம் தாங்களே மூலப்படத்தில் குறியை வரைந்ததாகவும் தெரிவித்துள்ளீர்கள்.

தண்டனை பெற்றவர், தாம் எவரிடமும் விளக்கம் கேட்கவில்லை எனக் கையொப்பமிட்டு வாக்குமூலம் அளித்துள்ளார். தங்கள் மனு குறித்து மீண்டும் விசாரித்தபோதும் அதையே உறுதி செய்துள்ளார். மூலப்படத்தில் குறி உள்ளது. தாங்கள் பணிபுரியும் நிறுவனம், படத்தில் பின்னர் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என எழுத்து மூலம் தெரிவித்துள்ளது. தாங்கள் தண்டனை பெற்றவரின் உடன்பிறந்த சகோதரி என்பதால், ஆதாரமின்றித் தங்கள் கூற்றை ஏற்க இயலவில்லை.

அவர் தங்களுக்கு எழுதிய கடிதமோ, தாங்கள் அவருக்கு எழுதிய பதிலோ இருப்பின், இக்கடிதத் தேதியிலிருந்து முப்பது நாட்களுக்குள் சமர்ப்பிக்கவும். தவறினால் மனு முடித்து வைக்கப்படும்.

விசாரணை அதிகாரி

*

ஜூலை 29

என் அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உடம்பு எப்படி இருக்கிறது? விரல் புண் ஆறியதா?

நலம் மட்டும் எழுதச் சொன்னாய். என்னால் முடியவில்லை. ஏன்டா அப்படிச் சொன்னாய்? அவர்கள் இரண்டாம் முறை வந்து கேட்டபோதுமா "யாரையும் கேட்கலை" என்று சொல்வது? நான் உண்மையை எழுதிக் கொடுத்தேன், நீ அதைப் பொய்யாக்கிவிட்டாய். யார் உன்னிடம் இந்தத் தியாகத்தைக் கேட்டார்கள்? சரி, கேட்டது நான்தான். வாயைத் திறந்து கேட்கவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டேன்.

ஜனவரியில் நீ எழுதினாய். "அக்கா, இந்த நெம்புகோல் படத்தில் குறியைக் காணோம், எப்படிப் படிப்பது?" என்று. அன்றைக்கு அத்தான் குளியலறையில் விழுந்திருந்தார். ஆபீசில் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து நிமிஷத்தில் பதில் எழுதினேன். "எங்கள் ஆபீஸ் படம் என்றால் எப்போதும் ஃபர்ஸ்ட் ஆங்கிள்தான், இதுகூடத் தெரியாதா மண்டு" என்று. அலமாரி எட்டு அடி தூரத்தில் இருந்தது. எழுந்து போய்ப் படத்தை எடுத்துப் பார்க்கவில்லை. அது எங்கள் ஆபீசில் வரைந்த முறையே இல்லை. வாடிக்கைக்காரர் தேர்ட் ஆங்கிளில் வரைந்து கொடுத்ததை நான் அப்படியே நகல் எடுத்து, அவர்களுடைய பெயர்க் கட்டத்தை அதிலிருந்த குறியோடு வெட்டி எறிந்துவிட்டு, எங்கள் கட்டத்தை ஒட்டினேன். முந்நூறு படத்துக்கு ஒட்டினேன். குறியைக் கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கையால் போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். சிலவற்றுக்குப் போட்டேன். இதற்குப் போடவில்லை. இடுப்பில் கோடு போட்ட ஏழு என்னுடையதுதான்டா. வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை.

மே மாதம் மானேஜர் கதவைச் சாத்திவிட்டு, "இந்தப் படத்துல கை வெச்சது நீங்கதாம்மா. விட்டுப்போன குறியை நீங்களே போட்டுடுங்க. உங்க வீட்டுக்காரரை நெனச்சுப் பாருங்க" என்றார். போட்டேன். சாவிக்காரர் விடுப்பில் போனது பொய். சாவி என் மேஜையிலேயேதான் இருக்கும்.

இப்போது ஆதாரம் கேட்கிறார்கள். என் பதிலை நீ கிழித்துவிட்டாய். உன் கடிதம் என்னிடம் இருக்கும், அதையாவது அக்கா கொடுப்பாள் என்று உனக்கு ஒரு நிமிஷமாவது தோன்றியிருக்கும். இல்லை தம்பி. விபத்து என்று நீ எழுதிய கடிதம் ஏப்ரல் பத்தாம் தேதி வந்தது. அன்றைக்கே உன் ஜனவரிக் கடிதத்தைத் தேடி எடுத்து அடுப்பில் போட்டேன். முதலில் செய்த வேலை அதுதான். நெட்டையனுக்காக அழுதது அதற்குப் பிறகு. நீ கிழித்ததும் என்னைக் காப்பாற்ற. நான் எரித்ததும் என்னைக் காப்பாற்ற. உன்னைக் காப்பாற்ற இந்த இரண்டு வீட்டிலும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

நேரில் சொல்லிவிடலாம் என்று அத்தானைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு விசாரணை அலுவலகம் வரைக்கும் போனேன். வாசலிலேயே, "எழுத்துல கொடுங்கம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலையை விட்டுவிட்டேன். மானேஜர் தடுக்கவில்லை. அத்தான் இப்போது என் கையால் சாப்பிடுகிறார்.

இனி எழுதுவது இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற ஐயாவுக்கு. ஐயா, உங்களுக்குக் கண் சிரமம் என்று என் தம்பி சொன்னான். அதனால்தான் பெரிதாக எழுதியிருக்கிறேன். வழக்கைப் பற்றி எழுதக் கூடாது என்று தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன். நான் சொல்வதை இந்த உலகத்தில் கட்டாயம் படித்தே ஆக வேண்டிய ஆள் நீங்கள் ஒருவர்தான். மற்ற எல்லோரும் மடித்துக் கோப்பில் வைத்துவிடுகிறார்கள். இந்தக் கடிதத்தை அவனிடம் கொடுக்க வேண்டாம். உங்கள் மேலதிகாரியிடம் கொடுங்கள். குறியின் மை புது மை. கட்டத்தின் மை பழைய மை. வெயிலில் பிடித்துப் பார்த்தாலே நிறம் வேறு வேறாகத் தெரியும். தெரிந்த ஒரு ஆளை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆகஸ்ட் இருபத்தொன்றுக்குள் சொல்லுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். அவன் ஒரு தப்பும் செய்யவில்லை ஐயா. அக்காவைக் கேட்டான், அக்கா சொன்னதைச் செய்தான்.

நாங்கள் எல்லோரும் நலம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். விரல் நன்றாக ஆறிவிட்டது. இப்போது ஊசியைப் பார்க்காமலே தைக்கிறேன்.

உன் ஜூலைக் கடிதம் இன்றைக்குத்தான் என் கைக்கு வந்தது. கொடுத்தவர், "கேஸ் விஷயம் எழுதக் கூடாதுன்னு உங்க அக்காவுக்குச் சொல்லலையா? நாலு பக்கம்! அடிச்சு அடிச்சு என் கைதான் வலிச்சுது. எல்லாரும் நல்லா இருக்காங்களாம், போ" என்றார்.

முதல் வரியும் கடைசி வரியும் தவிர மற்ற எல்லாம் கறுப்பு மை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. என்ன எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரியும் அக்கா. இனிமேல் எழுதாதே. அதைக் கேட்க இங்கே ஆள் இல்லை, உனக்குத்தான் கை வலி. ஆனால் இவ்வளவு பெரிய எழுத்தில், இவ்வளவு நீளமாக நீ எனக்கு எழுதினதே இல்லை. கறுப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் அழுதேன்.

விரல் புண் ஆறியதா என்று நீ கேட்டதும், நீங்கள் எல்லோரும் நலம் என்று எழுதியதும் மட்டும் சுத்தமாக வந்து சேர்ந்திருக்கிறது. அதை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டேன். மற்றதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அத்தான் சாப்பிடுகிறாரா?

வாலு